ஏழு விநாடி அடியும் திருவிழா நோட்டீஸும்

இன்னைக்கு எபிசோட் டிரம் அண்ட் பேஸ் பத்தி. மியூசிக் ஃபெஸ்டிவலுக்குப் போற பழக்கம் உள்ளவங்களுக்கு இது அறிமுகம் தேவைப்படாத இசை. மத்தவங்களுக்காக ஒரு நிமிஷம் சொல்லிடறேன்.

மேடையில் ஒரு டிஜே. முன்னாடி ரெண்டு டெக், நடுவுல ஒரு மிக்ஸர். டிரம்ஸ் நிமிஷத்துக்கு 170-லிருந்து 175 அடி வேகத்துல ஓடும். குத்துப் பாட்டையே மூச்சு வாங்க வைக்கிற வேகம். ஆனா அதுக்குக் கீழே இருக்கிற பேஸ் பாதி வேகத்துலதான் நகரும். அதனால கேட்கிறவங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. காலை டிரம்ஸுக்கு விடலாம், இல்லைன்னா தலையை பேஸுக்கு விடலாம். ஒரு பாட்டு முடியறதுக்கு முன்னாடியே டிஜே அடுத்த பாட்டை ஹெட்போன்ல கேட்டு, வேகத்தைச் சரிபண்ணி, உள்ளே இழுத்துடுவார். ஒரு மணி நேரம் ஆடினாலும் அடி எங்கேயும் நிக்காது.

நான் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவுல இருக்கிற ஒரு ஊர்க்காரன். சாமி புறப்பாட்டுக்கு உருமியும் பறையும் சேர்ந்து வர்றதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு டிரம் அண்ட் பேஸ் புதுசாவே தெரியாது. மேலே வேகமா ஓடுற அடி, கீழே உறுமற பேஸ். அமைப்பு ஒண்ணுதான். ஆனா இன்னைக்கு நான் பேச வந்தது அந்த ஒற்றுமையைப் பத்தி மட்டும் இல்லை. ரெண்டு இடத்துலயும் ஒரே கேள்வி நிக்குது: இந்த அடியை அடிச்சது யார், அவர் பேர் எங்கே எழுதியிருக்கு?

ஏழு விநாடி

1969-ல் அமெரிக்காவில் தி வின்ஸ்டன்ஸ் என்ற இசைக்குழு ஒரு சிங்கிள் ரெக்கார்டு வெளியிட்டது. முன்பக்கம் 'கலர் ஹிம் ஃபாதர்'. அது பெரிய ஹிட், கிராமி விருதும் வாங்கியது. பின்பக்கத்தை நிரப்ப ஒரு பாட்டு வேணுமே, அதுக்காகப் போட்டது 'ஆமென், பிரதர்'. பாட்டு பாதி போனதும் மத்த எல்லா வாத்தியமும் நின்னுடும். டிரம்மர் கிரிகரி கோல்மன் மட்டும் நாலு பார் வாசிப்பார். மொத்தம் ஏழு விநாடி.

அந்த ரெக்கார்டு கிட்டத்தட்ட மறக்கப்பட்ட பிறகு, 1986-ல் 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' என்ற ரெக்கார்டு வரிசையில் இந்தப் பாட்டைச் சேர்த்தாங்க. அது டிஜேக்களுக்காகவே பழைய டிரம்ஸ் பகுதிகளைத் தேடித் தொகுத்த வரிசை. அதே காலத்துல சாம்ப்ளர்னு ஒரு மெஷின் சின்ன ஸ்டுடியோக்களுக்கும் கட்டுப்படியாகிற விலைக்கு வந்தது. எந்த ஒலியையும் வெட்டி எடுத்து, வேகத்தைக் கூட்டி, துண்டு துண்டா மாத்தி அடுக்க முடியும். ஹிப் ஹாப்காரங்க கோல்மனோட ஏழு விநாடியை முதல்ல எடுத்தாங்க. 1990-களின் தொடக்கத்துல லண்டன் பசங்க அதையே எடுத்து வேகமா ஓட்டினாங்க. மூல ரெக்கார்டுல நிமிஷத்துக்கு 137 அடி அளவுல இருந்தது 160-ஐத் தாண்டிப் போச்சு. முதல்ல ஜங்கிள், பிறகு டிரம் அண்ட் பேஸ்னு அதுக்குப் பேர் வந்தது. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் இன்னைக்கும் அந்த ஏழு விநாடி இருக்கு.

கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வரலை. 2006-ல் அட்லாண்டாவில், வீடு வாசல் இல்லாத நிலையில் அவர் இறந்து போனார். உரிமை வெச்சிருந்த குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கே 1996-லதான் விஷயம் தெரிய வந்தது. அப்போ வழக்குப் போடுற காலக்கெடு முடிஞ்சிருந்தது. 2015-ல் ஒரு பிரிட்டிஷ் டிஜே இணையத்துல நிதி திரட்டி ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார். அதை நன்கொடைன்னு சொல்லலாம், ராயல்டின்னு சொல்ல முடியாது. கோல்மன் இறந்து அப்போ ஒன்பது வருஷம்.

லண்டனில் ஞாயிறும் திங்களும்

இந்த இசை லண்டன்ல ஏன் பிறந்ததுன்னு பார்க்கணும். 1948-ல் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல்ல ஜமைக்காவிலிருந்து வந்து இறங்கினவங்களும், அவங்களுக்குப் பின்னாடி வந்தவங்களும் சவுண்ட் சிஸ்டம் பழக்கத்தையும் கொண்டு வந்தாங்க. பீரோ உயர ஸ்பீக்கர் பெட்டிகளைத் தெருவுல அடுக்கி, ரெக்கார்டு போட்டு, மைக்ல ஒருத்தர் பேசிக்கிட்டே கூட்டத்தை ஏத்திவிடற பழக்கம். நல்ல பாட்டு வந்தா கூட்டம் கத்தும், உடனே பாட்டை முதல்ல இருந்து திரும்பப் போடணும். இன்னைக்கும் டிரம் அண்ட் பேஸ் செட்ல டிஜே பாட்டை நிறுத்தித் திரும்ப விடுறாரே, அது அங்கிருந்து வந்தது.

கறுப்பினப் பிள்ளைகளும், ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளும், லைசென்ஸ் இல்லாத ரேடியோ ஸ்டேஷன்களும் சேர்ந்து வளர்த்த இசை இது. அரசாங்கத்துக்கு அந்தக் கூட்டம் பிடிக்கலை. 1994-ல் பிரிட்டன் ஒரு குற்றவியல் சட்டம் கொண்டு வந்தது. ராத்திரியில் திறந்த வெளியில் 100 பேரோ அதுக்கு மேலயோ கூடி, அனுமதி இல்லாம, சுத்துப்பட்டுக்கு இடைஞ்சலா இசை போட்டா போலீஸ் கலைக்கலாம்னு அப்போ அந்தச் சட்டம் சொன்னது. இசைன்னா என்னன்னு விளக்கும்போது, திரும்பத் திரும்ப வர்ற அடியும் அதுல அடங்கும்னு சட்டத்துலயே எழுதினாங்க. ஒரு தாள அமைப்பைச் சட்டப் புத்தகத்துல ஏத்தின நாடு அது. கீழே இருக்கிறவங்க கையில கொட்டு இருந்தா மேலே இருக்கிறவங்களுக்கு உறுத்தும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதுக்கு அடுத்த வருஷங்கள்ல கிழக்கு லண்டன்ல ப்ளூ நோட்னு ஒரு கிளப். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அங்கே கோல்டி நடத்தின மெட்டல்ஹெட்ஸ். அது டிரம் அண்ட் பேஸோட கோயில் மாதிரி. அதே ஹால்ல திங்கட்கிழமை ராத்திரி தபலாக் கலைஞர் தல்வின் சிங் நடத்தின 'அனோக்கா'. தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகள் தபலாவையும் சிதாரையும் டிரம் அண்ட் பேஸோட கலந்தாங்க. 1997-ல் அந்த இரவுகளோட பேர்ல ஒரு தொகுப்பு ஆல்பம் வெளிவந்தது. அதுல நம்ம ஏ.ஆர்.ரஹ்மானோட 'பம்பாய்' தீம் இசையும் இருக்கு. 1999-ல் தல்வின் சிங்கோட 'ஓகே' ஆல்பம் மெர்க்குரி பரிசு வாங்கியது. வடக்கின் தபலா இப்படி லண்டன் மேடை ஏறியது. தெற்கின் உருமி ஏற இன்னும் சில வருஷம் ஆச்சு.

நம்ம ஊர் டிரம், நம்ம ஊர் பேஸ்

இப்போ லண்டனை விட்டு நம்ம பக்கம் வருவோம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன், கல்லங்குறிச்சி கலியுக வரதராஜப் பெருமாள் மாதிரி பெரிய கோயில்கள் இருக்கட்டும். அதை விட்டுட்டு ஒரு சின்ன மாரியம்மன் கோயில் திருவிழாவை எடுத்துக்கலாம்.

ஜமைக்காவோட சவுண்ட் சிஸ்டம் இங்கேயும் உண்டு. அதுக்கு மைக் செட்னு பேர், சில ஊர்ல ரேடியோ செட். புளியமரத்து மேல குழாய் ஸ்பீக்கர் கட்டி, விடிகாலையில சாமி பாட்டுல ஆரம்பிச்சு, ராத்திரி எந்தப் பாட்டுக்குக் கூட்டம் எழும்னு தெரிஞ்சு போடுவார் மைக் செட்காரர். ரெக்கார்டுப் பெட்டி, பிறகு கேசட், பிறகு பென் டிரைவ். என்னைக் கேட்டா நம்ம கிராமத்தோட முதல் டிஜே அவர்தான். இன்னைக்கு அந்த இடத்துல பெரிய பேஸ் பெட்டியோட டிஜே செட் வந்து நிக்குது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணிக்கு மேல எல்லாத்தையும் நிறுத்தணும், திருவிழாவுக்கு வேணும்னா அரசு வருஷத்துல சில நாளுக்கு 12 மணி வரை அனுமதி தரலாம்.

கரண்ட் வர்றதுக்கு முன்னாடியும் டிரம் இருந்தது, பேஸும் இருந்தது. பறைங்கிறது வட்டமான மரச்சட்டத்துல இழுத்துக் கட்டின மாட்டுத்தோல். ஒரு கையில கனமான அடிக்குச்சி, இன்னொரு கையில மெல்லிய நீளமான சிம்புக்குச்சி. அடிக்கிறதுக்கு முன்னாடி வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவாங்க. சூட்டுல தோல் இறுகி சுருதி ஏறும். அப்பப்போ திரும்பவும் தீ வேணும்.

உருமி ரெண்டு பக்கமும் தோல் கட்டின, இடுப்பு சிறுத்த வாத்தியம். ஒரு பக்கத்தை நேர்க்குச்சியால அடிப்பாங்க. இன்னொரு பக்கத்தை வளைஞ்ச குச்சியால தேய்ப்பாங்க. அந்தத் தேய்ப்புல வர்ற சத்தம் ஒரு சுருதியில நிக்காம வழுக்கிக்கிட்டே போகும். டிரம் அண்ட் பேஸ்ல சிந்தசைசர் பேஸ் வளைஞ்சு நெளிஞ்சு போகுமே, அதே குணம். ஒரு வித்தியாசமும் உண்டு. லண்டன் அடி நாலு நாலா எண்ணப்படுது. நம்ம குத்து பெரும்பாலும் மூணு மூணா உருளும். ரெண்டையும் ஒட்டிப் பார்க்க நினைக்கிற டிஜேவுக்கு வேலை அங்கேதான்.

அந்த ஒட்டு வேலையை உலகம் கேட்க வெச்சவர் ஒரு தமிழ்ப் பெண். மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. 1975-ல் லண்டன்ல பிறந்து, யாழ்ப்பாணத்துல வளர்ந்து, போரால திரும்ப லண்டன் போனவர். முதல் ஆல்பத்துக்கு அப்பா பேர், 'அருளர்'. 2007-ல் வந்த ரெண்டாவது ஆல்பத்துக்கு அம்மா பேர், 'கலா'. அதுல 'பேர்ட் ஃப்ளூ' பாட்டு முழுக்க உருமிச் சத்தம். 2003-ல் வந்த 'ஜெயம்' படத்துத் திருவிழாப் பாட்டிலிருந்து ஒரு துண்டும் அதுல இருக்கு. அது சரியான டிரம் அண்ட் பேஸ் இல்லை, ஆனா அதே லண்டன் பேஸ் மரபுல வந்த பாட்டு. திருவிழாவுல தீயில காய்ச்சின தோலோட சத்தம் உலகத்து ஃபெஸ்டிவல் மேடைகள்ல கேட்டது அப்படித்தான்.

ஆல்பத்துல பாடினவர் பேர் எல்லாருக்கும் தெரியும். ஒலி வெட்டின தயாரிப்பாளர் பேரும் தெரியும். உருமி வாசிச்ச கைகளோட பேர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? கோல்மனோட கதை இங்கேயும் நீளுது.

கல்லுல யார் பேர் இருக்கு?

பேர் எழுதுற விஷயத்துல நம்ம வரலாறு சுவாரசியமானது. அரியலூர் மாவட்டத்துல இருக்கிற கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகரா ஆக்கினவர் ராஜேந்திர சோழன். அவர் அப்பா ராஜராஜன் தஞ்சாவூர்ல கட்டின பெரிய கோயிலோட கல்வெட்டுகளைப் பாருங்க. கோயிலுக்கு அழைச்சிட்டு வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகள் ஒவ்வொருத்தர் பேரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாங்கங்கிறதும், வருஷத்துக்கு 100 கலம் நெல்லுன்னு கூலியும் அதுல இருக்கு. பதிகம் பாடின 48 பேர், கூடவே உடுக்கை வாசிச்சவர் ஒருத்தர், கொட்டிமத்தளம் வாசிச்சவர் ஒருத்தர். தினக்கூலி ஆளுக்கு மூணு குறுணி நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, கோயிலுக்குள்ளே கொட்டினவருக்குக் கல்லுல பேரும் சம்பளமும் உண்டு.

அதே கோயில் கல்வெட்டுல பறைச்சேரியும் வருது. எங்கே தெரியுமா? கோயிலுக்கு விட்ட ஊர்கள்ல எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லைன்னு சொல்ற பட்டியல்ல. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, அந்த வரிசையில பறைச்சேரி. அங்கே இருந்த ஆள் யார், என்ன பேர்னு அந்தப் பட்டியல் சொல்லாது. இடமா மட்டும் இருக்காங்க. இத்தனைக்கும் பறை தமிழுக்குப் புதுசு இல்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம் இவற்றோட பறையையும் சேர்த்துத்தான் சொல்லுது.

இப்போ இன்னைக்கு ஊர்ச் சுவர்ல ஒட்டியிருக்கிற திருவிழா நோட்டீஸுக்கு வாங்க. நான் எங்க பக்கம் போகும்போதெல்லாம் நின்னு படிக்கிறது வழக்கம். உபயதாரர் பேர், அவங்க அப்பா பேர், பேரப்பிள்ளைங்க பேர். கரகாட்டக் குழுவோட பேர், ஊர். கடைசி வரியில ஒலி, ஒளி அமைப்பு யாருன்னு. டிஜே வந்தா அவர் படமே பெருசா இருக்கும். நான் படிச்ச நோட்டீஸ்கள்ல, காப்புக் கட்டினதிலிருந்து மஞ்சள் நீராட்டு வரைக்கும் பறை அடிச்சவங்களுக்கு 'மேளதாளம் முழங்க'ங்கிற ரெண்டு வார்த்தைதான் கிடைச்சிருக்கு.

அடிக்க மாட்டேன்னு சொல்ற உரிமை

இங்கே ஒரு வாதம் அடிக்கடி வரும். 'டிஜே செட் வந்து பறையை அழிச்சிடுச்சு, நம்ம பாரம்பரியம் போச்சு'ன்னு. நானும் பறைச் சத்தத்தை நேசிக்கிறவன்தான். ஆனா அந்த வாக்கியத்துல ஒரு விஷயம் விட்டுப் போயிருக்கு. பல ஊர்ல பறை அடிக்கிறது ஒருத்தர் விரும்பி எடுத்த கலை இல்லை. சாவு வீட்டுக்குப் போகணும், கூப்பிட்டா வரணும், மாட்டேன்னு சொல்ல முடியாது. சாதி சுமத்தின வேலை அது. அதனாலதான் தலித் மக்கள் பல ஊர்கள்ல இனிமேல் பறை அடிக்கிறதில்லைன்னு முடிவெடுத்தாங்க. அதுக்காக அடியும் உதையும் வாங்கினவங்க உண்டு. அவங்களைப் பொறுத்தவரைக்கும் பறை நின்னது இழப்பு இல்லை, விடுதலை.

அரசாங்கம் இதைப் புரிஞ்சுகிட்ட ஒரு தருணம் சமீபத்துல நடந்தது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, தண்டோரா போடும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அறிவிப்பு செய்யணும்னா வண்டியில ஒலிபெருக்கி கட்டிச் செய்யலாம்னு சொன்னார். கவனிங்க, இங்கே ஸ்பீக்கர் வந்தது ஒரு மனுஷனோட மரியாதையைக் காப்பாத்த.

இன்னொரு பக்கம், பறையை விட வேண்டாம், இழிவை மட்டும் தூக்கி எறியலாம்னு சொன்னவங்க இருக்காங்க. பேராசிரியர் கே.ஏ.குணசேகரன் போன்றவங்க நாட்டுப்புறப் பாட்டையும் பறையையும் தலித் அரசியல் மேடைக்குக் கொண்டு வந்தாங்க. 1990-கள்ல தலித் கலைவிழாக்கள்ல பறை நிமிர்ந்து ஒலிச்சது. 2018 ஜனவரி 6 அன்னைக்கு சென்னை கீழ்ப்பாக்கத்துல தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் முறையா மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதர் பேசின சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து எடுத்த பேர் அது. கானாவும் ராப்பும் ராக்கும், பறையும் சட்டியும் கிடாரும் ஒரே மேடையில. 2020 டிசம்பர்ல 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மார்கழின்னா சபாக் கச்சேரின்னு இருந்த சென்னையில, கிராமத்துக் கலைஞர்கள் பேரோட அறிமுகமாகி மேடையில வாசிச்சாங்க. 2025-ல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. நாட்டோட ஆவணத்துல ஒரு பறைக் கலைஞர் பேர் ஏறியிருக்கு.

மேலோட்டமா பார்த்தா இந்த ரெண்டு வழியும் எதிர் எதிர். ஒருத்தர் கீழே வைக்கிறார், இன்னொருத்தர் கையில எடுக்கிறார். என் பார்வையில ரெண்டு பேரும் கேட்கிறது ஒண்ணுதான்: அடிக்கிறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணணும். அடிச்சா என் பேரும் என் கூலியும் எழுதப்படணும்.

சட்டம் இதுல பாதி வழிதான் வந்திருக்கு. மெட்டு, வரி ரெண்டுக்கும் காப்புரிமை உண்டு. ஒரு தாள அடிக்குன்னு தனியா உரிமை கோருறது ரொம்பக் கஷ்டம். 2012-ல் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினப்போ, வாசிச்சவங்களுக்கும் வணிகப் பயன்பாட்டுல ராயல்டி பங்கு உண்டுன்னு சேர்த்தாங்க. ஆனா அந்த உரிமையைக் கேட்கணும்னா முதல்ல யார் வாசிச்சாங்கன்னு எழுத்துல இருக்கணும். கால்ஷீட்டுக்கு வந்து, கையில காசு வாங்கிட்டு, பேர் பதியாமப் போன உருமிக்காரர் எந்த ஆவணத்தைக் காட்டுவார்? கோல்மன் பேராவது அந்தக் குழுவோட வரலாற்றுல இருந்தது.

அதனால டிரம் அண்ட் பேஸ் வரலாறு நம்ம ஊருக்குச் சொல்ற விஷயம் 'பாருங்க, அவங்ககிட்டயும் கொட்டு இருக்கு'ங்கிறது இல்லை. ஒரு அடி உலகம் பூரா பரவலாம், லட்சம் பேரை ஆட வைக்கலாம், அதை அடிச்ச ஆள் தெருவுலயே சாகலாம். இசை பிழைச்சிடுச்சுன்னா இசைக்காரரும் பிழைச்சிடுவார்னு எந்த உத்தரவாதமும் இல்லை.

கேட்கிறவங்கள்ல சில பேர் காலேஜ் கல்ச்சுரல்ஸ் நடத்துவீங்க, சில பேர் வீட்டு லேப்டாப்ல பீட் போடுவீங்க, சில பேர் ஊர்த் திருவிழாக் கமிட்டியில இருப்பீங்க. உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த தடவை பறையோ உருமியோ பதிவு பண்ணினா, ஃபைல் பேர்லயே வாசிச்சவர் பேரைப் போடுங்க, என்ன தொகை, எதுக்கெல்லாம் பயன்படுத்துவீங்கன்னு ஒரு தாள்ல எழுதி அவருக்கும் ஒரு காப்பி கொடுங்க. கமிட்டிக்காரங்க நோட்டீஸ் அச்சுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி மேளக்காரங்ககிட்டப் போய்ப் பேர் கேளுங்க. விருப்பம் இருந்தா போடச் சொல்வாங்க, இல்லைன்னா வேண்டாம்பாங்க. அந்த முடிவும் அவங்களோடதுதான். டிஜே பேர் எந்த அளவு எழுத்துல இருக்கோ, அதே அளவுல போடுங்க. பிரஸ்காரர் அதுக்குன்னு தனிக் காசு கேட்க மாட்டார்.